ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களும் வீரியமான மார்பகப் புற்றுநோயும்: மரபணுவின் பங்கு எதுவரை?

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. ஆனால் அந்த நோயால் அவர்கள் இறப்பது 38 சதவீதம் அதிகம். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2024-இல் வெளியிட்ட கணக்கு இது. ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இறப்பு விகிதம் சுமார் இரண்டு மடங்கு. குறைவாக வருகிற நோய் எப்படி அதிகமாகக் கொல்கிறது?

இதற்கு இரண்டு விளக்கங்கள் நெடுநாளாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று உடலைக் காட்டுகிறது: ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு வரும் கட்டியே வேறு வகை, அதன் வேர் மரபணுவில் இருக்கிறது. இன்னொன்று சமூகத்தைக் காட்டுகிறது: நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது, காப்பீடு இல்லை, நல்ல மருத்துவமனை பக்கத்தில் இல்லை, இனப்பாகுபாடு இருக்கிறது. இரண்டு தரப்பும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு. மரபணு என்று பேச்செடுத்தாலே பழைய இனவாத அறிவியல் திரும்பி வருகிறதோ என்று ஒரு தரப்பு அஞ்சுகிறது. வரலாறு தெரிந்தவர்கள் அந்த அச்சத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். சமூகக் காரணங்களை மட்டும் பேசினால் நோயின் இயல்பையே கோட்டை விட்டுவிடுவோம் என்று மறுதரப்பு கவலைப்படுகிறது. கடந்த 20 ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், இரண்டில் எது எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்று ஓரளவு பிரித்துச் சொல்லிவிடலாம். என் பார்வையில், மரபணு பற்றிச் சொல்லப்படுவது உண்மைதான். ஆனால் அது ஆப்பிரிக்கா முழுவதற்கும் பொருந்தாது. இறப்பு விகித இடைவெளியில் பெரும்பகுதியை அதன் தலையில் கட்டவும் முடியாது.

மூன்றும் இல்லாத கட்டி

பயாப்சி எடுத்ததும் ஆய்வகத்தில் கட்டியின் செல்களில் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதம்), புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி, ஹெர்-2 என்னும் இன்னோர் ஏற்பிப் புரதம். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தக் கட்டி ஹார்மோனை நம்பி வளர்கிறது என்று பொருள். டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளால் அதைக் கட்டுப்படுத்தலாம். ஹெர்-2 மிகுதியாக இருந்தால் 1998-இல் வந்த டிராஸ்டுசுமாப் ஊசியும் அதன் வழிவந்த மருந்துகளும் கைகொடுக்கும். மூன்றுமே இல்லையென்றால் அது ‘டிரிபிள் நெகட்டிவ்’ வகை. குறிவைத்துத் தாக்கும் மருந்துகளுக்குப் பிடிமானம் கிடைக்காத கட்டி. அறுவை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவைதான் அதற்கு நெடுங்காலமாக இருந்த வழிகள்.

இந்த வகை வேகமாக வளரும். இந்த ஆண்டு எடுத்த மேமோகிராமில் எதுவும் தெரியாமல், அடுத்ததற்கு முன்பே கையில் தட்டுப்படும் கட்டிகளில் இதற்குப் பெரிய பங்குண்டு. இளம் வயதில் அதிகம் வரும். நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவும் போக்கு இதற்கு அதிகம். சிகிச்சைக்குப் பின் திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து நன்றாகக் குறைந்துவிடுகிறது. மார்பகத்தோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் அமெரிக்காவில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 90 சதவீதத்துக்கு மேல். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய பிறகு கண்டுபிடித்தால் அது 15 சதவீதத்தை ஒட்டி விழுந்துவிடுகிறது. நாள் கணக்கு எந்த வகைப் புற்றுநோயிலும் முக்கியம்தான். இதில் இன்னும் கடுமையாக முக்கியம்.

மொத்த மார்பகப் புற்றுநோய்களில் இந்த வகை 10 முதல் 15 சதவீதம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வட கரோலினாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வந்தபோது பலரையும் உலுக்கியது. டிரிபிள் நெகட்டிவுக்கு மிக நெருக்கமான ‘பேசல்’ வகைக் கட்டி, மாதவிடாய் நிற்காத கறுப்பினப் பெண் நோயாளிகளில் 39 சதவீதம் பேருக்கு இருந்தது. மாதவிடாய் நின்ற கறுப்பினப் பெண்களில் 14 சதவீதம். மற்ற இனப் பெண்களில் எந்த வயதானாலும் 16 சதவீதம். அதாவது வேறுபாடு எல்லா வயதிலும் ஒரே அளவில் இல்லை. இளம் கறுப்பினப் பெண்கள் மீதுதான் அது குவிந்திருக்கிறது.

குமாசியிலிருந்து வந்த எண்கள்

லிசா நியூமன் அமெரிக்காவின் கறுப்பினப் பெண் மருத்துவர், மார்பகப் புற்றுநோய் அறுவை நிபுணர். மிச்சிகனில் பணியாற்றியபோது அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அமெரிக்கக் கறுப்பின மக்களில் மிகப் பலரின் மூதாதையர், அடிமை வணிகத்தில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள். அங்கேயே தங்கிவிட்டவர்களின் பேத்திகளுக்கு எந்த வகைக் கட்டி வருகிறது? 2004 முதல் கானாவின் குமாசி நகரிலுள்ள கொம்ஃபோ அனோச்சி போதனா மருத்துவமனையோடு சேர்ந்து அவரது குழு வேலை செய்யத் தொடங்கியது.

2010-இல் வெளியான முடிவில், கானா நோயாளிகளில் 82 சதவீதம் பேருக்கு டிரிபிள் நெகட்டிவ். அதே ஆய்வில் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு 26, வெள்ளையினப் பெண்களுக்கு 16 சதவீதம். படிக்கட்டு மாதிரி இறங்கும் எண்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் மரபுத்தொகுதியில் சராசரியாக முக்கால் பங்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கால் பங்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்தது என்பதால், நடுப்படியில் அவர்கள் நிற்பதும் பொருந்தியது.

ஆனால் 82 என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் நடந்த குழப்பங்களில் பாதி இங்கிருந்து வந்தது. கட்டியை வெட்டி எடுத்ததும் ஒரு மணி நேரத்துக்குள், திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட வேண்டும். குறைந்தது 6 மணி நேரம், அதிகபட்சம் 72 மணி நேரம் அதில் ஊற வேண்டும். போடத் தாமதமானால், அல்லது ஃபார்மலின் தரமில்லாமல் இருந்தால், இருக்கிற ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் சிதைந்து, பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்துவிடும். பழைய மெழுகுக் கட்டிகளில் பாதுகாத்து வைத்த திசுவிலும் இதே சிக்கல். ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து வந்த ஆய்வுகளை 2014-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பழைய மாதிரிகளைத் தோண்டிச் செய்த ஆய்வுகளைவிட, புதிதாக எடுத்த திசுவைக் கையோடு பரிசோதித்த ஆய்வுகளில் ஏற்பி உள்ள கட்டிகள் கூடுதலாகத் தெரிந்தன. அதன்படி சகாராவுக்குத் தெற்கே பாதிக்கும் மேற்பட்ட கட்டிகள் ஹார்மோன் ஏற்பி உள்ளவைதான்.

இது ஆய்வாளர்களுக்குள் முடிந்துபோகிற விவாதம் இல்லை. ‘ஆப்பிரிக்கப் பெண்ணுக்கு வருவதெல்லாம் டிரிபிள் நெகட்டிவ்தான், ஹார்மோன் மாத்திரை வேலை செய்யாது’ என்று ஒரு மருத்துவர் முடிவு கட்டிவிட்டால், விலை குறைவான, பயனுள்ள டமாக்சிஃபென் மாத்திரை அது தேவைப்படும் பெண்ணுக்கே போய்ச் சேராது. தென்னாப்பிரிக்காவின் சோவெட்டோவிலுள்ள பெரிய அரசு மருத்துவமனையில் 1,200-க்கும் மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில் டிரிபிள் நெகட்டிவ் 21 சதவீதம்தான். ஆப்பிரிக்கா என்று ஒரே பெயரில் அழைத்துவிட்டால் குமாசியும் சோவெட்டோவும் ஒன்றாகிவிடுமா?

எத்தியோப்பியா காட்டிய வேறுபாடு

நியூமன் குழு அடுத்துச் செய்ததுதான் எனக்கு இந்த ஆராய்ச்சியிலேயே மிகவும் பிடித்த பகுதி. அவர்கள் கிழக்கே போனார்கள். எத்தியோப்பிய நோயாளிகளின் திசுக்களையும் கானா நோயாளிகளின் திசுக்களையும் ஒரே ஆய்வில் வைத்து ஒப்பிட்டு 2016-இல் வெளியிட்டார்கள். கானாவில் பாதிக்கும் மேல் டிரிபிள் நெகட்டிவ். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம். எத்தியோப்பியப் பெண்களிலோ வெறும் 15 சதவீதம். அமெரிக்க வெள்ளையினப் பெண்களின் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான்.

கானாவும் எத்தியோப்பியாவும் இரண்டுமே வசதி குறைந்த நாடுகள். இரண்டிலும் பெண்கள் தாமதமாகத்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இரண்டிலும் இளம் நோயாளிகள் அதிகம். வறுமையும் தாமதமும் மட்டுமே கட்டியின் வகையைத் தீர்மானித்திருந்தால் இரண்டு எண்களும் நெருங்கி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை என்பதால், மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் ஏதோ இருக்கிறது என்ற கருத்து வலுப்பட்டது. அதே சமயம் ‘கறுப்பினப் பெண்ணின் நோய்’ என்ற பேச்சுக்கும் இந்த ஒப்பீடு முடிவு கட்டியது. தோல் நிறம் ஒன்றாகத் தெரிந்தாலும் மேற்கு ஆப்பிரிக்கரும் கிழக்கு ஆப்பிரிக்கரும் மரபியலில் ஒருவருக்கொருவர் வெகு தூரம். மனித இனத்தின் மரபணுப் பன்மை மிக அதிகமாக இருப்பதே ஆப்பிரிக்கக் கண்டத்துக்குள்தான்.

சரி, அந்த ‘ஏதோ’ என்ன? இங்கே கதை மலேரியாவுக்குப் போகிறது.

நம் சிவப்பணுக்களின் மேல் டஃபி என்றொரு புரதம் இருக்கிறது. விவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரு மரபணு மாற்றத்தால் சிவப்பணுவில் இந்தப் புரதம் உருவாவதில்லை. அதனால் விவாக்ஸ் அவர்களை அண்டுவது அரிது. லூயிஸ் மில்லரின் குழு 1976-இல் இந்தத் தொடர்பை நிறுவியது. எத்தியோப்பியாவில் இந்த மாற்றம் அவ்வளவு பரவலாக இல்லை. விவாக்ஸ் மலேரியாவும் அங்கே இன்றும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த ‘டஃபி இன்மை’ உள்ளவர்கள்.

இதற்கும் மார்பகத்துக்கும் என்ன சம்பந்தம்? டஃபி புரதம் வெறும் கிருமி நுழையும் வழி மட்டும் இல்லை. அழற்சியைத் தூண்டும் கீமோகைன் என்னும் சமிக்ஞை மூலக்கூறுகளை இரத்தத்திலிருந்து பிடித்து வைத்துக்கொள்வதும் விடுவிப்பதும் அதன் வேலை. கட்டியைச் சுற்றி எந்த நோயெதிர்ப்பு செல்கள் வந்து கூடுகின்றன, எவ்வளவு கூடுகின்றன என்பதில் இந்த மூலக்கூறுகளுக்குப் பங்குண்டு. மெலிசா டேவிஸ், நியூமன் ஆகியோரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், டஃபி இன்மை மாற்றத்துக்கும் டிரிபிள் நெகட்டிவ் ஆபத்துக்கும் தொடர்பு தெரிந்தது. ஒரு காலத்தில் மலேரியாவிடமிருந்து காத்த மாற்றம், இன்று மார்பகத்தில் வேறு விலை வாங்குகிறதோ என்ற கேள்வி எழுந்தது.

கேள்வி என்றுதான் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி கொண்டவர்களில் மிகப் பலரிடம் இருக்கிற ஒரு மாற்றத்தை எடுத்துக்கொண்டால், நோய்க்குக் காரணம் அந்த மாற்றமா, அல்லது அதே வம்சாவளியில் கூடவே வரும் வேறொன்றா என்று பிரிப்பது கடினம். இந்தியாவின் நிலை இங்கே ஒரு நல்ல எச்சரிக்கை. இந்திய நோயாளிகளிடையே நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்தால் டிரிபிள் நெகட்டிவ் 30 சதவீதத்தை ஒட்டி வருகிறது. உலகச் சராசரியைவிட மிக அதிகம். ஆனால் நம்மிடம் டஃபி இன்மை அரிது. சென்னை போன்ற ஊர்களில் நெடுங்காலம் மலேரியா என்றாலே பெரும்பாலும் விவாக்ஸ்தான் என்பதே அதற்குச் சாட்சி. ஆகவே இந்தக் கட்டிக்கு ஒரே வழி, ஒரே மரபணு என்று எதுவும் இல்லை.

டஃபி விவகாரத்தில் இன்னொரு கிளை உண்டு. என்னைக் கேட்டால் நோயாளிகளுக்கு இன்றே பயன்படக்கூடியது இதுதான். டஃபி இன்மை உள்ளவர்களுக்கு இரத்தத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும். அவர்களுக்கு அது நோய் இல்லை, தொற்று கூடுதலாக வருவதும் இல்லை. ஆனால் கீமோ கொடுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் இந்த எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள். குறைந்தால் சுற்றைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது மருந்தளவைக் குறைப்பார்கள். ‘இயல்பு அளவு’ என்று வைத்திருக்கும் எல்லை ஐரோப்பிய வம்சாவளியினரின் இரத்தத்தை வைத்து வகுத்தது. ஆகவே உடலில் எந்தக் குறையும் இல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணுக்குச் சிகிச்சை தள்ளிப்போகலாம். புதிய மருந்துச் சோதனைகளில் சேர மைக்ரோலிட்டருக்கு 1,500 நியூட்ரோஃபில் வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. அதனாலேயே பலர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள். பிறகு அந்த மருந்து சந்தைக்கு வரும்போது, கறுப்பினப் பெண்களிடம் அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கான சான்று போதாது. மரபணுவும் மருத்துவமனை நடைமுறையும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடம் இது. டஃபி வகையைச் சோதித்து எல்லையை மாற்றி அமைத்தால் தீரக்கூடிய சிக்கல்.

பி.ஆர்.சி.ஏ: நைஜீரியா, பஹாமாஸ், அமெரிக்கா

பரம்பரை மார்பகப் புற்றுநோய் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது பி.ஆர்.சி.ஏ-1, பி.ஆர்.சி.ஏ-2 மரபணுக்கள். முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் 1990-இல் காட்டினார். அதில் பழுது உள்ளவர்களுக்கு வரும் கட்டி பெரும்பாலும் டிரிபிள் நெகட்டிவாகவே இருக்கும். அப்படியானால் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு இந்தப் பழுது அதிகமா?

நைஜீரியாவில் பிறந்து இபாதானில் மருத்துவம் படித்து, சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் ஒலுஃபுன்மிலாயோ ஒலோபாடேயின் வேலை இங்கே முக்கியம். குடும்ப வரலாறு பார்த்துத் தெரிந்தெடுக்காமல் இபாதானில் 1,136 நோயாளிகளைச் சோதித்தபோது, 14.7 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு பரம்பரை மரபணுப் பழுது இருந்தது, அதில் பி.ஆர்.சி.ஏ-1 மட்டும் 7 சதவீதம். கரீபியனிலுள்ள பஹாமாஸ் தீவுகளில் இன்னும் திகைப்பான முடிவு. அங்கே 214 நோயாளிகளைச் சோதித்ததில் 23 சதவீதம் பேர் பி.ஆர்.சி.ஏ மாற்றத்தைச் சுமந்தார்கள். சிறிய தீவுச் சமூகத்தில் ஒரு சில மூதாதையரின் மாற்றங்களே தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருக்கின்றன. பஹாமாஸில் ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் என்றால், அக்கா தங்கைகளையும் மகள்களையும் சோதிப்பது ஆடம்பரம் ஆகாது. அங்கே அது அடிப்படைச் சிகிச்சை.

அமெரிக்காவில் இந்தப் படம் மாறுகிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வில், புற்றுநோய் வந்த கறுப்பினப் பெண்களில் 5.65 சதவீதம் பேருக்கும் வெள்ளையினப் பெண்களில் 5.06 சதவீதம் பேருக்கும் இத்தகைய பழுதுகள் இருந்தன. கிட்டத்தட்டச் சமம். ஆகவே அமெரிக்காவில் டிரிபிள் நெகட்டிவில் இருக்கும் இரண்டு மடங்கு வேறுபாட்டை பி.ஆர்.சி.ஏ-வை வைத்து விளக்க முடியாது. அப்புறம் இன்னொரு அநீதி: சோதனைக்குப் பரிந்துரைக்கப்படுவதே கறுப்பினப் பெண்கள் குறைவு. பரிசோதித்தாலும் ‘இந்த மாற்றத்தின் பொருள் தெளிவில்லை’ என்ற விடை அவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. காரணம், ஒப்பிட்டுப் பார்க்கப் போதுமான ஆப்பிரிக்க வம்சாவளித் தரவு சேர்த்து வைக்கப்படவில்லை. மரபுத்தொகுதி முழுவதையும் அலசும் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 78 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர், ஆப்பிரிக்கர் 2 சதவீதம் என்று 2019-இல் ஒரு மதிப்பீடு சொன்னது.

அந்தக் குறையை நிரப்பும் வேலை இப்போதுதான் வேகம் பிடித்திருக்கிறது. 2011-இல் ஐந்தாம் குரோமோசோமில், செல்களின் ஆயுளோடு தொடர்புள்ள டெர்ட் மரபணு அருகே ஓரிடம் கண்டுபிடிக்கப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டியோடு அதற்குத் தொடர்பு. 2024-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் வெய் ஜெங் தலைமையிலான கூட்டமைப்பு, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களில் 18,034 நோயாளிகளையும் நோயில்லாத 22,104 பேரையும் ஒப்பிட்டு, மார்பகப் புற்றுநோய் ஆபத்தோடு தொடர்புள்ள 12 இடங்களை மரபுத்தொகுதியில் அடையாளம் காட்டியது. டிரிபிள் நெகட்டிவோடு தொடர்புள்ள மூன்று மாற்றங்களில், தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக ஆறு பிரதிகளும் பெற்றவர்களுக்கு, ஒன்றோ ஒன்றுமில்லாமலோ பெற்றவர்களைவிட ஆபத்து நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். டிரிபிள் நெகட்டிவ் நோயாளிகளில் 15 சதவீதம் பேரிடம் ஆறும் இருந்தன.

இந்த எண்களை வைத்து ஒரு தனிப்பெண்ணிடம் ‘உனக்கு வரும், வராது’ என்று சொல்லலாமா? இன்னும் முடியாது. ஆய்வில் உருவாக்கிய மரபணு மதிப்பெண்ணின் கணிப்புத்திறன் 0.60. பூவா தலையா போட்டுப் பார்த்தால் 0.50 வரும். ஐரோப்பியத் தரவை வைத்துச் செய்த பழைய மதிப்பெண்களைவிட இது மேல். ஆனால் மருத்துவர் மேசையில் வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு இல்லை.

மரபணு மாறாமல் மாறியவை

மேற்கு ஆப்பிரிக்க மரபணுக்கள் பல நூற்றாண்டுகளாக அமெரிக்காவில் இருக்கின்றன. ஆனால் கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் விகிதம் 1980-களின் தொடக்கம் வரை ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கோடுகள் பிரிந்தன. 1977-இல் டமாக்சிஃபென் அங்கீகாரம் பெற்றது. 1980-களில் மேமோகிராம் பரவியது. வெள்ளையினப் பெண்களின் இறப்பு இறங்கத் தொடங்கியது. கறுப்பினப் பெண்களின் இறப்பும் பின்னால் இறங்கியது, ஆனால் தாமதமாக, மெதுவாக. சிகாகோவில் 2003-இல் கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம் 68 சதவீதம் அதிகமாக இருந்தது. அதே ஆண்டில் நியூயார்க்கில் இடைவெளி அதைவிட வெகு குறைவு. இரண்டு நகரங்களிலும் வாழ்பவர்களின் மூதாதையர் ஒரே கரையிலிருந்து வந்தவர்கள்தான்.

டிரிபிள் நெகட்டிவ் வகைக்கு டமாக்சிஃபென் உதவாது என்பதால், அந்த வகை அதிகமுள்ள கூட்டம் பின்தங்குவது இயல்புதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அதற்குப் பதில் தந்தது. கட்டியின் ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக எடுத்து, ஒரே வகைக் கட்டி உள்ள கறுப்பின, வெள்ளையினப் பெண்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். எல்லா வகையிலும் கறுப்பினப் பெண்களே அதிகம் இறந்தார்கள். டிரிபிள் நெகட்டிவில் அந்தக் கூடுதல் 17 சதவீதம். ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத வகையில் 50 சதவீதம்! சுலபமாகக் குணப்படுத்தக்கூடியது என்று பெயரெடுத்த வகையில்தான் இடைவெளி மிகப் பெரியது. ஐந்து முதல் பத்தாண்டு மாத்திரை, தொடர் பரிசோதனை, பக்கவிளைவு வந்தால் கேட்க ஒரு மருத்துவர், இதற்கெல்லாம் பணமும் காப்பீடும் வேண்டும் என்பதை நினைத்தால் இந்த எண் புரியும். வீரியமான கட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த இறப்புகள் கண்ணில் படாமல் போய்விடும். எனக்கு இதில் கோபமே வருகிறது. மருந்து இருக்கிறது, விலையும் பெரிதில்லை, ஆனாலும் போய்ச் சேரவில்லை.

கட்டியின் வகையிலும் வாழ்க்கைமுறைக்குப் பங்குண்டு. குழந்தை பெற்றுத் தாய்ப்பால் கொடுக்காத கறுப்பினப் பெண்களிடம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத கட்டியின் ஆபத்து கூடுவதையும், தாய்ப்பால் கொடுத்தவர்களிடம் அது குறைவதையும் அமெரிக்காவின் நான்கு பெரிய ஆய்வுகளை இணைத்த ஜூலி பாமர் குழு 2014-இல் காட்டியது. அந்த நாட்டில் எல்லோருக்கும் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு தரும் கூட்டாட்சிச் சட்டம் இல்லை. பிரசவம் முடிந்த சில வாரங்களில் வேலைக்கு ஓட வேண்டிய பெண்ணிடம் ‘பால் கொடுங்கள்’ என்று அறிவுரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அதே சமயம், நீண்ட காலம் தாய்ப்பால் கொடுக்கும் வழக்கமுள்ள கானாவிலும் இந்தக் கட்டி அதிகம் என்பதால், தாய்ப்பாலை மட்டும் காரணமாக்கவும் முடியாது.

ஆப்பிரிக்காவுக்குள்ளேயே இறப்பைப் பார்த்தால் மனம் கனக்கும். நமீபியா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜாம்பியா ஆகிய ஐந்து நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் பாதிப் பேர்தான். நமீபியாவில் கறுப்பினம் அல்லாத பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம். நைஜீரியாவில் 36 சதவீதம். அறிகுறி தெரிந்ததும் சீக்கிரம் கண்டறிந்து முறையான சிகிச்சை கொடுத்திருந்தால் இந்த இறப்புகளில் 28 முதல் 37 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஐம்பது வயதுக்குள் இறந்த ஒவ்வொரு 100 பெண்களுக்கும் 210 பிள்ளைகள் தாயில்லாதவர்கள் ஆனார்கள்.

சிகிச்சை முன்னேறாமல் இல்லை. 2020-இல் சாசிடுசுமாப் கோவிடெக்கான், 2021-இல் தொடக்க நிலை டிரிபிள் நெகட்டிவுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்து, 2022-இல் பி.ஆர்.சி.ஏ பழுதுள்ள தொடக்க நிலை நோயாளிகளுக்கு ஓலாபாரிப் என்று அமெரிக்காவில் அடுத்தடுத்து அனுமதி கிடைத்தது. ‘குறிவைக்க எதுவும் இல்லாத கட்டி’ என்ற நிலை மெல்ல மாறுகிறது. ஆனால் இந்த மருந்துகளின் விலை, இந்த வகைக் கட்டி மிக அதிகமாக உள்ள மேற்கு ஆப்பிரிக்கப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கைக்கெட்டாதது.

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு, மேமோகிராம் தொடங்கும் வயதை 2024 ஏப்ரலில் 50-லிருந்து 40 ஆக்கியது. கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதத்தை அப்போது தனியாகவே சுட்டிக்காட்டியது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி இன்னும் முன்னே போய், பெண்கள் எல்லோரும், குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள், 25 வயதுக்குள் தங்கள் ஆபத்தை மருத்துவரோடு பேசி மதிப்பிட வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டம் மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது: சுற்றுத் திசுவுக்குள் ஊடுருவும் புற்றுநோய்களில் 60 சதவீதத்தையாவது முதல் இரண்டு நிலைகளில் கண்டறிவது, மருத்துவரிடம் முதலில் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்வது, 80 சதவீத நோயாளிகளாவது சிகிச்சையை முழுமையாக முடிப்பது. 2040-க்குள் 25 லட்சம் உயிர்களைக் காப்பது அதன் நோக்கம். இலாகோஸிலோ குமாசியிலோ கட்டியோடு வரும் ஒரு பெண்ணின் மரபணு எதுவாக இருந்தாலும், அந்த 60 நாளுக்குள் அவளுடைய திசு நல்ல ஃபார்மலினில் விழுந்து, மூன்று ஏற்பிகளும் சரியாகப் பரிசோதிக்கப்பட்டால்தான் அவளுக்கு எந்த மருந்து என்றே தெரியவரும்.